சம்பந்திகள் வெட்டிய பள்ளம்

ஸ்ரீரங்கன் சண்டையால் பிழைத்தவர். துப்பாக்கி தூக்கியவர் அல்ல. தீபாவளிப் பட்டாசுக்கே காதைப் பொத்திக்கொள்கிற மனுஷர். ராணுவச் செலவுகளைப் பார்க்கிற ஆபீஸில் சூப்பரிண்டெண்டெண்ட், அவ்வளவுதான். யுத்தம் வந்த புதிதில் லண்டன் சர்க்காரும் டில்லி சர்க்காரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தன. இந்தியாவின் சொந்தக் காவலுக்கு ஆகிற செலவு இந்தியாவின் தலையில், அதற்கு மேல் போனால் லண்டன் தலையில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பில் என்று ஒன்று வந்தவுடன் இரண்டு பக்கமும் சட்டைப் பையைப் பொத்திக்கொள்ளும். எதிரி ஒருத்தன், சண்டை ஒன்று, ராஜா ஒருத்தர், செலவு மட்டும் உன்னுடையது, என்னுடையது அல்ல. இந்த வழக்கைத் தீர்த்துவைப்பதுதான் ஸ்ரீரங்கனுடைய வேலை.

ஒரு கோவேறு கழுதையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வாங்கினது, பம்பாயில் லாடம் அடித்தது, எகிப்தில் போய்ச் செத்தது. அது யார் கழுதை? இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் இதற்காக ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள். ஸ்ரீரங்கன் கழுதையை லண்டனுக்கும் லாடத்தை இந்தியாவுக்கும் பிரித்து எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆபீஸில் அவர் பெயர் கொடிகட்டிப் பறந்தது. எந்தச் செலவைக் கொண்டு வந்து நீட்டினாலும், அதை அடுத்தவர் தலையில் எப்படிக் கட்டுவது என்று அவருக்குத் தெரியும் என்றார்கள். அதைப் பெருமையாகத்தான் அவரும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அவருக்கு இருந்தது நீரஜா ஒருத்திதான். அவளுக்கு ஒன்பது வயதில் தாயார் போய்விட்டாள். மறுவிவாகம் செய்துகொள் என்று சொன்னவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டு, மயிலாப்பூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த ஒடுக்கமான வீட்டில் அவரே பெண்ணை வளர்த்தார். தினமும் காலையில் கோடு போட்ட மாதிரி வகிடு எடுத்துப் பின்னிவிடுவார். ஜுரம் வந்தால் கஷாயம் வைப்பார். கொஞ்சத் தெரியாது. மடியில் உட்காரவைத்துக் கதை சொல்லத் தெரியாது. தெரியாததைச் செய்து அசட்டுப் பட்டம் வாங்குவானேன் என்று அவர் அந்தப் பக்கமே போகவில்லை. நீரஜாவும் சத்தமில்லாத பெண்ணாக வளர்ந்தாள். இவள் சுபாவமே இப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாசத்தில் அவளைக் கல்யாணராமனுக்குக் கொடுத்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, தங்கமான பையன். வீடும் தூரமில்லை, இரண்டு தெரு தள்ளி. பக்கத்திலேயே பெண் இருக்கப்போகிறாள் என்றுதான் சம்மதித்தார். அந்தப் பக்கத்தில்தான் வினை இருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் வேதாந்தம் லஸ்ஸில் ஒரு மருந்துக் கடைக்கு மானேஜர். பெருத்த சரீரம், பெருத்த குரல். தெருவில் போகிற குழந்தைகளுக்கெல்லாம் இருமல் மாத்திரையை மிட்டாய் மாதிரி கொடுப்பார். கடைக்கு வந்தவன் எப்படித் தும்மினான் என்பதைக்கூட அரை மணி நேரம் நடித்துக் காட்டுவார். கல்யாணம் ஆன மாசமே ஒரு சாயங்காலம் ஸ்ரீரங்கன் அந்த வீட்டு வாசல் வழியாக நடந்துகொண்டிருந்தார். உள்ளே ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. வேலைக்காரியோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ என்று இரண்டடி தாண்டிப் போய்விட்டார். பிறகுதான் அது நீரஜாவின் குரல் என்று உறைத்தது. பதினெட்டு வருஷம் வளர்த்த பெண்ணின் சிரிப்பை அடையாளம் தெரியாமல் நடுத்தெருவில் நின்றார். அன்றைக்கு அவர் வயிற்றில் பற்றிக்கொண்டது அப்புறம் அணையவேயில்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அவருக்கு எரிந்தது. மாமனாரை அப்பா என்று கூப்பிடுவது அந்த வீட்டு வழக்கம், நீரஜாவும் கூப்பிட்டாள். நான் செத்தா போய்விட்டேன் என்று இவர் மனசுக்குள் கறுவினார். தம் வீட்டில் பாகற்காயைத் தொடாத பெண் அங்கே பாகற்காய்ப் பிட்லையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். பாகற்காய் மேல்கூட அவருக்குக் கோபம் வந்தது.

போதாக்குறைக்கு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும்வரை பெண்ணைப் பெற்றவன் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. ஆகவே ஸ்ரீரங்கன் எப்போது போனாலும் வறண்ட வாயோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார். நீரஜா எல்லோருக்கும் காபி கொண்டுவருவாள். வேதாந்தத்துக்கு டிகாக்ஷன் தூக்கலாக, நுரை ததும்ப. அவர் உறிஞ்சிவிட்டு, "ஆஹா, இதுன்னா காபி!" என்று கண்ணை மூடுவார். அந்த டம்ளரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தால் என்ன என்று ஸ்ரீரங்கனுக்குத் தோன்றும்.

மார்கழி மாசம் ரங்கூனில் குண்டு விழுந்தது. அங்கிருந்து ஓடிவந்தவர்கள் சென்னையில் வந்து சொன்ன கதைகளைக் கேட்டு மயிலாப்பூருக்குத் தூக்கம் போயிற்று. மைதானங்களில் பள்ளம் வெட்டினார்கள். குண்டுவீச்சுக் காவலுக்கு வைத்த ஏ.ஆர்.பி. ஆசாமிகள் தலையில் இரும்புத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக வந்து, இடம் இருக்கிறவர்கள் கொல்லையில் பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். சைரன் ஊதினால் அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

ஸ்ரீரங்கன்தான் யோசனையை முதலில் சொன்னார். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே பள்ளம், தம் வீட்டுக் கொல்லையில். வெளியே சொன்ன காரணம் சிக்கனம். உள்ளே இருந்த காரணம் வேறு. சைரன் ஊதினால் பெண் தம்மிடம் ஓடி வரவேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வேதாந்தம் வீட்டுக் கூடத்தில் பேச்சு நடந்தது. வேதாந்தத்தின் மனைவி விஜயலக்ஷ்மி கணவரைப் போல வெள்ளந்தி அல்ல.

"உங்காத்துக் கொல்லையில கெணறு போக எடம் ஏது? எங்காத்துல தென்னமரத்தடியில தாராளமா இருக்கு" என்றாள் அவள். "பொங்கல் சீருக்கு வெள்ளிக் கூஜா வேணும்னு நான் கேக்கப்போறதில்லே. இந்தப் பள்ளத்தையே சீரா வெட்டிக் குடுத்துடுங்கோ. யுத்த காலத்துக்கு ஏத்த சீர்."

வேதாந்தம் சிரித்தார். "மஞ்சள் கொத்து, கரும்பு, கூடவே நாலு மணல் மூட்டை! தாம்பாளத்துல வெச்சுக் குங்குமம் இட்டுக் கொண்டு வாங்கோ சம்பந்தி."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நீரஜாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஸ்ரீரங்கனின் முதுகில் சுருக்கென்று தைத்தது. அவருக்குள் இருந்த சூப்பரிண்டெண்டெண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு நாளும் வாயால் சிரிக்க வைத்து ஜெயித்தவனை இன்றைக்கு நியாயத்தில் மடக்கிக் காட்டுகிறேன் என்று அவருக்கு ஒரு வெறி.

"சீர் வேறே, காவல் வேறே" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "காவல்ங்கறது தலைக்கு இவ்வளவுன்னு. யார் யாருக்காக வெட்டறோமோ அவாவா ஏத்துக்கணும். எங்காத்துல நான் ஒருத்தன். உங்காத்துல நீங்க மூணு பேர்."

"அப்போ நீரஜா?" என்றாள் விஜயலக்ஷ்மி. "உங்க பெண்ணுக்கு நீங்கதானே பாக்கணும்?"

இப்படி ஒரு கேள்விக்குத்தான் அவர் காத்திருந்தார். கழுதையைப் பிரித்துக் கொடுத்தவருக்கு இது எம்மாத்திரம்?

"எப்படி? தாரை வார்த்துக் குடுத்தாச்சே. அவ கோத்திரம் உங்க கோத்திரம். இனிமே அவ நல்லது பொல்லாது எல்லாம் உங்களைச் சேர்ந்தது. எனக்கும் அவளுக்கும் என்ன பாத்தியதை இருக்கு, சொல்லுங்கோ? நீரஜா உங்க கணக்கு."

 சாஸ்திரப்படி அதில் ஒரு சொல் தப்பில்லை. காலி டம்ளர்களை எடுக்க வந்திருந்த நீரஜா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வேதாந்தம்தான் முதலில் வாய் திறந்தார். அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "வாஸ்தவம் சம்பந்தி. அஞ்சுல நாலு எங்களது. அப்போ பள்ளமும் இங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு ஒரு எடம் எப்பவும் உண்டு."

ஸ்ரீரங்கன் ஜெயித்துவிட்ட மிடுக்கோடு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்து விளக்கைப் போட்டு, காலை அலம்பிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தாம் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது மெதுவாகப் புரிந்தது. பள்ளம் அங்கே. பெண் அங்கே. பாத்தியதையும் அங்கே. லண்டன் தலையிலும் டில்லி தலையிலும் மாற்றி மாற்றிக் கட்டிப் பழகின வாய், பெற்ற பெண்ணையே அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறது. தம்மைத் தாமே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

பொங்கல் கழிந்து வேதாந்தம் வீட்டுப் பள்ளம் தயாராயிற்று. மேலே பனங்கட்டை, அதன்மேல் மணல் மூட்டை, உள்ளே உட்காரப் பலகை. நீரஜா அதன் வாயிலில் சின்னதாகக் கோலம்கூடப் போட்டிருந்தாள். வேதாந்தம் பெருமையோடு ஒவ்வொருவர் இடத்தையும் காட்டினார். மாமனாருக்கும் மாமியாருக்கும் நடுவில் நீரஜா. வாயில் ஓரமாக ஸ்ரீரங்கன். "காத்து வரும் உங்களுக்கு" என்றார் வேதாந்தம். நல்ல மனசோடுதான் சொன்னார். ஸ்ரீரங்கனுக்கு அந்த நல்ல மனசைத்தான் சகிக்க முடியவில்லை. அற்பனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவனை என்ன செய்வது?

மறுவாரமே ராயப்பேட்டையிலிருந்து மெஹபூப் அலி என்கிற மேஸ்திரியை அழைத்து வந்து தம் கொல்லையைக் காட்டினார். கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த குறுகின இடத்தை மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சாமி, அந்தாண்ட ஐயர் ஊட்டுல நம்ம ஆளுங்கதான் தோண்டினாங்க. ஒங்களுக்கும் அதுல எடம் கீதுன்னாங்களே?"

"எனக்கு இங்கே வேணும்."

"எத்தினி பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு."

"கொஞ்சம் நீட்டா இஸ்துட்டா மூணு பேரு குந்தலாம் சாமி. கூலி ஒண்ணும் ஒசராது."

"ரெண்டு பேருக்குத்தான்" என்றார் ஸ்ரீரங்கன். மூன்றாவது இடம் இருந்தால் அதில் யார் வந்து உட்காருவார் என்று அவருக்குத் தெரியும். ஓர் அங்குலம்கூட விடவில்லை. அந்த ஒரு பள்ளத்துக்கு அவர் கொட்டின பணத்தில் வேதாந்தம் வீட்டுப் பள்ளத்தை அவர் ஒருவரே வெட்டிக் கொடுத்திருக்கலாம். ஆபீஸில் இப்படி ஒரு பில் வந்தால் கிழித்துப் போட்டிருப்பார்.

வெட்டி முடித்ததும் நீரஜாவை வரவழைத்துக் காட்டினார். பலகையில் ஜமக்காளத் துண்டு விரித்திருந்தார். அடியில் தண்ணீர் லேசாகக் கசிந்து நின்றது.

"சைரன் ஊதினா இங்கே வந்துடு. ரெண்டு தெருதானே? ஓடி வந்துடலாம்" என்றார்.

நீரஜா குனிந்து பார்த்தாள். "நான் அங்கே கணக்குல இருக்கேன்பா. அங்கேதானே இருக்கணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டுகிற மாதிரியும் சொல்லவில்லை. கடையில் விலை சொல்வது போலச் சொன்னாள். அவருக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கே, "அசட்டுத்தனமாச் சொல்லிட்டேன்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அந்த வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது.

மாசி, பங்குனியில் ஒத்திகைச் சைரன் பல தடவை ஊதிற்று. ஒவ்வொரு தடவையும் ஸ்ரீரங்கன் பள்ளத்தில் இறங்கி, காலியான பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் வரமாட்டாள். இந்நேரம் அங்கே மூன்று பேருக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள், வேதாந்தம் ஜப்பான்காரன் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருப்பான், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்துப் புழுங்குவார். குண்டுக்குப் பயந்து இறங்கின பள்ளத்தில் குண்டைப் பற்றிய நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

சிங்கப்பூர் விழுந்தது. பங்குனி முடிகிற சமயத்தில் கொழும்பில் குண்டு விழுந்தது என்று செய்தி வந்ததும் ஊர் காலியாக ஆரம்பித்தது. மாட்டு வண்டியிலும் ரயில் கூரையிலுமாக ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கனின் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அப்படி ஒரு நாள் காலை, அவர் ஆபீஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சைரன் ஊதிற்று. ஒத்திகை என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தெருவில் ஏ.ஆர்.பி. ஆசாமி, "உள்ளே போங்க! நிஜம்! நிஜம்!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

ஸ்ரீரங்கன் பாதிப் பித்தான் போட்ட சட்டையோடு பள்ளத்தில் இறங்கினார். கணுக்கால்வரை தண்ணீர். சைரன் ஏறி இறங்கி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அப்போது வாசற்கதவு படாரென்று திறந்தது. "அப்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டே நீரஜா கொல்லைக்கு ஓடி வந்தாள். தலை அவிழ்ந்திருந்தது. காலில் செருப்பில்லை.

அவருக்கு உயிர் வந்தது. வந்துவிட்டாள்! அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டாள்! இத்தனை மாசம் எரிந்ததெல்லாம் ஒரு நிமிஷத்தில் குளிர்ந்தது. பேசாமல் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கலாம். ஆனால் ருசி கண்ட மனசு, அவள் வாயாலேயே கேட்க ஆசைப்பட்டது.

"அவா விட்டாளா? நீயாத்தானே வந்தே?"

"அந்தாத்து அப்பாதான் சொன்னார். உங்கப்பா தனியா இருப்பார், வா போயிடலாம்னு" என்றாள் மூச்சு வாங்க. "உங்க மாப்பிள்ளை ஆபீஸ் போயாச்சு, அந்தாத்து அம்மா அங்கேயே எறங்கிட்டா. என்னைத் தனியா அனுப்ப மாட்டேன்னு அவரே கூட வந்துட்டார்."

கொல்லை நிலைப்படியில் வேதாந்தம் நின்றார். பெருத்த உடம்பு, இரண்டு தெரு ஓடிவந்து இரைத்துக்கொண்டிருந்தது. முகமெல்லாம் வேர்வை. பேச முடியாமல், இறங்கு இறங்கு என்று நீரஜாவுக்குக் கையாலேயே ஜாடை காட்டிவிட்டு மதிலோரமாக ஒதுங்கி நின்றார். பள்ளத்தைப் பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது, அது எத்தனை பேருக்கு என்று.

ஸ்ரீரங்கனுக்குக் குளிர்ந்ததெல்லாம் திரும்பப் பற்றிக்கொண்டது. இங்கேயும் இவனா? என் பெண் என்னிடம் வருவதுகூட இவன் போடுகிற பிச்சையா?

"நீ வா உள்ளே" என்று மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். மதிலோரம் அவர் பார்வை போகவில்லை.

நீரஜா அந்தக் கையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மதிலோரம் நின்றவரைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய் மாமனாரின் தோளைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"எறங்குங்கோ."

"நான் நின்னுக்கறேன்மா. நீ எறங்கு."

"மொதல்ல நீங்க எறங்குங்கோ. இப்படி இரைக்கறதே!"

அவர் மறுக்க மறுக்க, குழந்தையை இறக்குவது போல இறக்கிவிட்டாள். அளவெடுத்து வெட்டின பள்ளம். வேதாந்தத்தின் உடம்பு பலகையின் மிச்சத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது. இரண்டு பேர் முட்டியும் இடித்தன. தண்ணீர் மேலேறி இரண்டு பேர் வேஷ்டியையும் நனைத்தது. இன்னொருவர் கால் வைக்கவும் இடமில்லை.

"நீரஜா! நான் வந்துடறேன், நீ எறங்கு" என்று எழுந்தார் ஸ்ரீரங்கன். அதே சமயத்தில் வேதாந்தமும், "நீங்க இருங்கோ, நான் போறேன்" என்று எழுந்தார். இரண்டு தோளும் மண்சுவருக்கு நடுவே மாட்டிக்கொண்டன. இவர் அசைந்தால் அவரால் ஏற முடியாது, அவர் அசைந்தால் இவரால் ஏற முடியாது. "நீங்க இருங்கோ." "இல்லை, நீங்க இருங்கோ." வழி விடுவதற்கும் அங்கே ஒரு சச்சரவு.

"ரெண்டு பேரும் உக்காருங்கோ!" என்று அதட்டினாள் நீரஜா. அந்தக் குரலை இருவருமே அதுவரை கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் கிணற்றுக் கட்டையில் சாய்ந்து நின்றுகொண்டாள். எங்கோ கடல் பக்கம் உறுமல் கேட்டது. விமானமோ, லாரியோ, தெரியவில்லை. ஸ்ரீரங்கன் அண்ணாந்து பார்த்தார். மண்ணும் மணல் மூட்டையும் பனங்கட்டையும் அவரைச் சுற்றித்தான் இருந்தன. அவள் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்த வெறும் வானம்.

அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. ஒட்டியிருந்த தோளும் நடுங்குவதை உணர்ந்து திரும்பினார். வேதாந்தம் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு துடித்தது. கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அவர் பயமும் இவர் பயமும் ஒரே பயம்தான்.

என் பெண்ணுக்காக இவன் எதற்கு இப்படி நடுங்க வேண்டும் என்று ஸ்ரீரங்கன் நினைத்தார். அந்தப் பயத்தில்கூட அவனுக்கு ஒரு பங்கு கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.